கணக்கில் இல்லாத குழல்கள்

துப்பாக்கிச் சட்டம் இன்னும் இறுக வேண்டும் என்று நான் வாயைத் திறந்தால் எங்கள் பார் அறையில் முதலில் சிரிப்புதான் வரும். "வக்கீல் சார், இது திருத்தணியா டெக்சாஸா?" என்று கேட்பார் ஒரு நண்பர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கொலை என்றால் அரிவாள்தான். 2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டபோது அவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி உண்டு என்று செய்தி வந்தது. வெட்டியவர்கள் கையில் இருந்தது அரிவாள். மத்திய உள்துறையின் 2016 இறுதிக் கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள், தமிழ்நாட்டில் 22,532. மாப்பிள்ளை அழைப்பில் வானத்தைப் பார்த்துச் சுடும் பழக்கமும் நம்மிடம் இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் நான் வாதாடிய ஆயுத வழக்குகளில் வந்த துப்பாக்கி எதுவும் அந்த 22,532-க்குள் அடங்கியதல்ல. பரணில், வைக்கோல் போரில், மாந்தோப்புக் கொட்டகையின் கூரைச் செருகலில் கிடந்த குழல்கள் அவை. சிலவற்றுக்கு என்றோ உரிமம் இருந்து காலாவதி ஆகியிருக்கும். சிலவற்றுக்கு என்றுமே இருந்ததில்லை. எந்த அலுவலகப் பதிவேட்டைப் புரட்டினாலும் இன்று அவை இல்லை. நான் சட்டம் கேட்பது இவற்றுக்காக.

எங்கள் ஊர் இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். மலைக்கோயிலின் 365 படி ஏறி நின்று வடக்கே பார்த்தால் தெரிவது நகரி பக்கத்து மலைகள், ஆந்திரா. நாங்களும் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவர்கள்தான். ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டுக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தோம். கோடு பேரேட்டில் மாறியது. கொள்வினை கொடுப்பினை மாறவில்லை, நிலமும் மாறவில்லை. வீடு இந்தப் பக்கம், மாந்தோப்பு அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள் இன்றும் உண்டு. இந்தப் பக்கம் கரும்பும் வேர்க்கடலையும், அந்தப் பக்கம் மா. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது காட்டுப்பன்றி.

வேர்க்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால் அரை ஏக்கர் உழுததுபோல் ஆகிவிடும். நிலத்துக்காரன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. தகரம் தட்டிப் பார்ப்பான், பழைய புடவை கட்டிப் பார்ப்பான், பிறகு யாரிடமாவது இருக்கும் நாட்டுத் துப்பாக்கியைக் கேட்பான். வாய்வழியே மருந்து கெட்டித்து, சைக்கிள் கடை பால்ரஸைப் போட்டுச் சுடுகிற குழல் அது. அதற்குக் குறி என்று ஒன்று கிடையாது. புறப்படும் பால்ரஸ் விரிந்துகொண்டே போகும். எதிரே இருப்பது பன்றியா பங்காளியா என்பது சத்தம் அடங்கிய பிறகுதான் தெரியும்.

சட்டம் இந்தக் குழலை முழுதாக விலக்கி வைக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1959-ல் இயற்றி 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியை ஒரு குடிமகன் கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்ற தொனியிலேயே பேசுகிறது. விண்ணப்பம் போகும், பக்கத்துக் காவல் நிலையத்தின் அறிக்கை வரும், வருவாய்த் துறையும் பார்க்கும், கலெக்டர் கையெழுத்திடுவார். 2016 விதிகளில் இன்னும் சில சேர்ந்தன: பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி, மனநிலை உட்பட உடல்நலச் சான்று, கையாளப் பயிற்சி பெற்ற சான்று. தாளில் எல்லாம் ஒழுங்கு. வாசலில் நுழையும்போது இத்தனை கேள்வி கேட்கும் சட்டம், உள்ளே வந்த துப்பாக்கி பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பதில் மட்டும் சோம்பல் காட்டுகிறது.

தொழில் ரீதியாக ஆயுத வழக்கை எப்படிப் படிப்பது என்று என் சீனியர்தான் கற்றுக்கொடுத்தார். அவர் ஜூனியராக இருந்த காலத்தில்தான் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்ட வழக்கு நடந்தது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரத்தில் நடந்த சம்பவம். விசாரணை செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில். எங்கள் தாலுகாவும் அதே மாவட்டம் என்பதால் கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய் வேடிக்கை பார்த்ததாகச் சொல்வார். கழுத்துக் கட்டுடன் எடுத்த படம் சுவரொட்டி ஆனதும், எம்.ஜி.ஆரின் குரல் மாறியதும், ராதாவுக்கு ஏழாண்டு தண்டனை விதித்ததும் ஊருக்கே மனப்பாடம். இரண்டு பெரிய மனிதர்கள் பேசும் வீட்டுக் கூடத்துக்குள் துப்பாக்கி எதற்கு வர வேண்டும் என்று ஒருவரும் கேட்டு நான் கேட்டதில்லை. "குண்டைப் பத்தி எல்லாரும் பேசுவான். குழலோட ஜாதகத்தை எவனும் பார்க்க மாட்டான். நீ அங்கேருந்து ஆரம்பி" என்பார் சீனியர்.

நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் தேடுவது கலெக்டரின் முன் அனுமதி. 3-வது பிரிவை மீறி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்குப் போட, 39-வது பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்தத் தாள் இருக்கிறதா, தேதி சரியா, துப்பாக்கியைப் பற்றிய நிபுணர் அறிக்கையைப் பார்த்த பிறகு கொடுத்ததா, பார்க்காமலே அச்சடித்த வாசகத்தில் கையெழுத்தா என்று பார்ப்பேன். பாதி வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். அடுத்தது கைப்பற்றிய மகஜர். சாட்சியாக வி.ஏ.ஓ.வும் தலையாரியும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். குறுக்கு விசாரணையில், "குழலின் நீளம் என்ன? கட்டை என்ன மரம்? அரக்கு முத்திரை எங்கே வைத்தார்கள்?" என்று வரிசையாகக் கேட்டால், ஸ்டேஷனில் உட்கார்ந்து போட்ட கையெழுத்தா தோப்பில் நின்று போட்டதா என்பது வெளுத்துவிடும். 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகு தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. நல்ல மாற்றம். என் மாதிரி ஆட்களின் பிழைப்பில் கொஞ்சம் மண் விழுந்தாலும் நல்ல மாற்றம்தான்.

மூன்றாவது, மயிலாப்பூர் தடய அறிவியல் துறையிலிருந்து வரும் அறிக்கை. குழல் சுடும் நிலையில் உள்ளதா? இங்கே 45-வது பிரிவில் ஒரு சந்து இருக்கிறது. பழங்கால மாதிரியாகவோ பழுதுபட்டதாகவோ இருந்து, பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுட உதவாத ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. "பழுது நீக்கினாலும்" என்பதில்தான் வக்கீலின் உயிர் இருக்கிறது. துருப்பிடித்த குழலைக் கோர்ட்டில் மேசைமேல் வைத்து, கொல்லன் பட்டறைக்குப் போனால் இது மறுபடி சுடுமா சுடாதா என்று நிபுணரோடு மணிக்கணக்கில் மல்லுக்கு நின்றிருக்கிறேன். பெரும்பாலும் சுடும். நாட்டுத் துப்பாக்கியின் பயங்கரமே அதுதான். அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை.

கட்சிக்காரனுக்காக இந்தச் சந்துகளில் நுழைந்து வெளியே வருவது என் தொழில். அதில் எனக்குக் கூச்சமில்லை. அனுமதித் தாள் இல்லாமல் ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் நாட்டில் எனக்கு வாழ விருப்பமும் இல்லை. ஆனால் விடுதலையான வழக்குகளைப் புரட்டிப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. தண்டனை போதாமல் தோற்ற வழக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கணக்கு இல்லாமல் தோற்றவை. அந்தக் குழல் யாருடையது, எங்கிருந்து வந்தது, கடைசியாக யார் பார்த்தது என்பதற்கு எந்தத் தாளும் இருப்பதில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாக இரண்டு பேர், ராத்திரி வேர்க்கடலைக் காவலுக்குப் போனார்கள். ஒருவன் வரப்பின் இந்தப் பக்கம் குழலோடு. மற்றவன் பன்றியைக் கிளப்பிவிட அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனான். செடி அசைந்தது. சுட்டுவிட்டான். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு தார் ரோடு வரைக்கும் ஓடியவன் அவனேதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது. என்னிடம் வந்தபோது அவனுக்காகப் பேசியது இறந்தவனின் அம்மா. "எம் புள்ளதான் போயிட்டான், இவனாவது இருக்கட்டும் சார்" என்றார்.

அஜாக்கிரதையால் மரணம் என்று ஒரு பக்கம், ஆயுதச் சட்டம் ஒரு பக்கம். குழலின் ஜாதகம் பார்த்தேன். அது தாத்தாவின் துப்பாக்கி. தாத்தாவுக்கு முறையான உரிமம் இருந்திருக்கிறது, புத்தகம்கூடப் பெட்டியில் இருந்தது. கடைசிப் புதுப்பிப்பு தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அதற்குப் பிறகு தாத்தா படுக்கையில் விழுந்தார், இறந்தார், இறப்புச் சான்றிதழ் வாங்கினார்கள், பட்டா மாற்றினார்கள், ரேஷன் கார்டில் பெயர் நீக்கினார்கள். துப்பாக்கியைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. குடும்பம் அதை ஒளித்து வைத்திருந்ததாகச் சொல்லவே முடியாது. கூடத்தில் ஆணியில் மாட்டியிருந்தது. பொங்கலுக்குத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள்.

21-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது: உரிமம் காலாவதியானாலோ வேறு எந்தக் காரணத்தாலோ வைத்திருப்பது சட்டபூர்வம் அல்லாமல் போனால், தாமதமின்றிப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு வழியும் உண்டு. 2016 விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயதானாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ உயிரோடிருக்கும்போதே வாரிசு பெயருக்கு உரிமம் கேட்கலாம். எல்லாம் இருக்கிறது. ஆனால் கடமை முழுவதும் வீட்டாரின் தலையில். இறப்பைப் பதியும் அலுவலகமும் உரிமப் பதிவேடு இருக்கும் அலுவலகமும் பல ஊர்களில் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று சொல்லிக்கொள்வதில்லை. உரிமங்களுக்குத் தேசியத் தரவுத்தளம் வந்து, ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுத்தாகிவிட்டது. ஆனால் எண் வாங்கியவன் கணக்கில் வந்தான். வாங்காதவன் கையிலிருந்த துப்பாக்கியைத் தேடிப் போனவர் யார்? ஜம்மு காஷ்மீரில் 2012-க்கும் 2016-க்கும் இடையே 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. சொன்னது. கணக்கு எழுதும் இடத்திலேயே ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2019 நவம்பரில் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா வந்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. ஒருவருக்கு மூன்று துப்பாக்கி வரை என்று 1983-ல் வைத்த வரம்பை ஒன்றாகக் குறைப்பதாக இருந்தது. துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களும் வட இந்திய எம்.பி.க்கள் சிலரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இரண்டு என்று முடிந்தது. அந்த நாட்களில் துப்பாக்கிப் பிரியர்கள் திரும்பத் திரும்பக் காந்தியைத் துணைக்கு அழைத்தார்கள். லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டத்தைக் காந்தி கண்டித்து எழுதியது உண்மை. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில், இந்தியனுக்கு ஒரு நீதி, ஐரோப்பியனுக்கு ஒரு நீதி என்று இருந்த சட்டத்தைப் பற்றி எழுதியது அது. எழுதியவர் எதனால் செத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

திருத்தத்தில் நிஜமாகக் கூடியது தண்டனை. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு என்றிருந்தது, இரண்டு முதல் ஐந்தாண்டு ஆனது. தடை செய்யப்பட்ட ரக ஆயுதத்துக்கு ஏழு முதல் 14 ஆண்டு. உரிமத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றிருந்ததோ ஐந்தாண்டாக நீண்டுவிட்டது. அதாவது, கணக்குப் பார்க்கும் இடைவெளி பெருத்தது. பிடிபட்டவனுக்கு அடி பலமானது. இதைத்தான் கடுமையான சட்டம் என்று டி.வி.யில் பேசினார்கள். 1988-ல் இதைவிடக் கடுமை ஒன்றைச் செய்து பார்த்தார்கள்: தடை செய்யப்பட்ட ஆயுதத்தால் மரணம் விளைந்தால் கட்டாய மரண தண்டனை. 2012-ல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது.

பலமான அடி யார்மேல் விழுகிறது என்று கோர்ட்டு வராந்தாவில் நின்றால் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரம் வந்திருந்தால் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொக்கும் கௌதாரியும் சுட்டுப் பிழைத்த குடிகள். 1972 வன உயிரினச் சட்டம் அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டது. குழல் மட்டும் சிலரிடம் தங்கிவிட்டது. சாக்குப் பையில் குழலோடு பஸ் ஏறிய ஓர் இளைஞனுக்காக நான் ஆஜரானேன். "சாமி, இது எங்கப்பாரு வச்சிருந்தது சாமி, இதுல ஆளச் சுடுவாங்களா சாமி?" என்று மாஜிஸ்திரேட்டிடமே கேட்டான். தகுந்த, சிறப்பான காரணங்களை எழுதிக் குறைந்தபட்சத் தண்டனைக்கும் கீழே போக நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால் தப்பித்தான். 2023-ல்தான் அவர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள். குடகில் கொடவர்களுக்கு மரபின் பெயரால் உரிமத்திலிருந்தே விலக்கு இருக்கிறது; 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள், 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது. கொடவர்களிடமிருந்து அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு மரபுக்கு விலக்கும் இன்னொரு மரபுக்கு விலங்கும் கொடுக்கும் சட்டம் தன்னைக் கடுமையானது என்று சொல்லிக்கொள்வதுதான் உறுத்துகிறது.

இன்னொரு வகை வழக்கு, ஆயுத வழக்காக வராமல் ஜீவனாம்ச வழக்காக வரும். ஒரு பெண் வந்தார். கணவர் வசதியானவர், முறையான உரிமம், இரட்டைக்குழல். அடித்ததாக அந்தப் பெண் சொல்லவில்லை. சண்டை வரும் இரவுகளில் அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வாராம். "ஒண்ணும் செய்ய மாட்டார் சார். ஆனா நான் தூங்கி வருஷக்கணக்காச்சு." இதற்கு என்ன மனு போடுவது? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006 விதிகளில் துப்பாக்கி என்ற சொல் என் கண்ணில் பட்ட இடம் ஒன்று: பாதுகாப்பு உத்தரவை மீறிக் கைதானவனுக்கு ஜாமீன் கொடுக்கும்போது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நிபந்தனை போடலாம். அதற்கு முதலில் உத்தரவு வாங்கி, அதை அவன் மீறி, கைதாகி, ஜாமீன் கேட்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 17-வது பிரிவில் உரிமத்தை நிறுத்திவைக்கக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு என்பவை அங்கே காரணங்கள். கட்டில் பொது இடமா என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். மனு மேல் மனுவாகப் போட்டுத்தான் அந்தத் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் வீட்டில் இருக்கும் பெண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்பதற்கு ஒரு பெண் போலீஸ் போதும், பட்ஜெட் வேண்டாம்.

துப்பாக்கி என்று பேசினால் எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் 2015 ஏப்ரல் 7-ஐ எடுப்பார். சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்ற நாள். எங்கள் ஊரைத் தாண்டித்தான் நகரி, புத்தூர், திருப்பதி பஸ்கள் போகின்றன. அந்தச் சாவு எங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதில் 13 பேர். பணியில் இருக்கும் அரசு ஊழியரின் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது. அதே 45-வது பிரிவுதான். அந்தத் துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்க வேறு சட்டமும் வேறு துணிச்சலும் வேண்டும். இதோடு கலந்து அதைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை.

2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச ஜாமீன் வழக்கு ஒன்றைக் கேட்கும்போது, உரிமம் இல்லாத துப்பாக்கிகள் பெருகியிருப்பதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அமெரிக்காவைப் போல ஆயுதம் ஏந்தும் அடிப்படை உரிமை நம் சாசனத்தில் இல்லை என்றும் சொன்னது. 2024 நவம்பரில், ஒவ்வொரு மாநிலத்திலும் தலைமைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், போலீஸ் தலைமை, துப்பாக்கி நிபுணர் எல்லாம் கொண்ட குழு அமைத்துச் செயல்திட்டம் தயாரிக்கச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் நாங்கள் சிலர், இரண்டு வக்கீல்கள், ஒரு ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., ஒரு பள்ளி ஆசிரியை, உட்கார்ந்து மனு எழுதினோம்.

அதில் தண்டனையைக் கூட்டச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. இறப்புப் பதிவு உரிமப் பதிவேட்டுக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த சில வாரங்களுக்குள் ஆள் வந்து துப்பாக்கியை வாங்கிப்போக வேண்டும், வீட்டார் மேல் வழக்கு வரக் கூடாது. வழக்கு அனுமதித் தாளுக்குக் காலக்கெடு வேண்டும். பெண்ணின் வாக்குமூலம் வேண்டும். இவற்றைவிட அதிக நேரம் நாங்கள் விவாதித்தது மன்னிப்பைப் பற்றி. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் போலீஸும் வனத்துறையும் கிராமம் கிராமமாகப் போய், தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவித்து நாட்டுத் துப்பாக்கிகளை வாங்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அப்படி ஒரு வாக்குறுதிக்கு ஆயுதச் சட்டத்தில் பிரிவே கிடையாது. அது அந்த நேரத்து அதிகாரியின் நல்ல மனசு. அடுத்து வருகிறவருக்கு வேறு மனசு இருக்கலாம். அதனால்தான் ஜனங்கள் ஸ்டேஷனுக்கு வராமல் ராத்திரியில் புதர் ஓரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் 'கேட்பாரற்றுக் கிடந்த துப்பாக்கி' என்று மகஜர் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற சில நாட்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஒரே சட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. விலை கொடுத்து, வழக்கில்லை என்று எழுதிக் கொடுத்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கி உருக்கினார்கள். நியூசிலாந்து 2019-ல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் இறந்த பிறகு அதே வழியில் போனது. நமக்கு அவ்வளவு செலவாகாது. பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு யாரும் பெரிய விலை கேட்கப் போவதில்லை. வழக்கு வராது என்ற ஒரு வரி சட்டத்தில் இருந்தால் போதும்.

மனுவின் நகலை எடுத்துக்கொண்டு எல்லையோரக் கிராமங்களில் விவசாயிகளோடும் பேசினோம். வந்த எதிர்ப்பு நான் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை. துப்பாக்கி எங்கள் உரிமை என்று ஒருவரும் சொல்லவில்லை. "எடுத்துக்கினு போங்க சார். பன்னிக்கு இன்னா பதில்?" என்றார் ஒரு பெரியவர். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவை விளக்கினேன்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைச் சுட முடியாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடுவார்கள், மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களே வந்து சுடுவார்கள். கணக்கில் உள்ள துப்பாக்கி, கணக்கில் உள்ள கை. நான் கேட்பதும் அதுதான் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் தோப்பைக் காட்டினார். நிலம் தமிழ்நாடு. பன்றி இறங்கி வரும் காடு ஆந்திரா. "இந்த மூணு கிலோமீட்டர எந்தக் காட்டுலேர்ந்து சார் அளப்பாங்க? அவங்க காட்டுலேர்ந்து அளந்தா நம்ம ஆளு சுட முடியாது. நம்ம காட்டுலேர்ந்து அளந்தா சுடலாம். பன்னிய யாரு கேக்கறது?" கூட வந்த ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. உத்தரவின் நகலை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னிடமும் பதில் இல்லை. சென்னைக்கு அனுப்பும் அடுத்த மனுவில் அந்தக் கேள்வியை அவர் கேட்டபடியே முதல் பத்தியில் சேர்த்திருக்கிறோம்.